ஏலத்தில் போன பசி

என் பசியை ஒரு ஆள் எடுத்துக்கிட்டுப் போயிட்டார் தம்பி. சுவரேறிக் குதிச்சு இல்லை. பட்டப்பகலில், கோயிலுக்குள்ளே, முந்நூறு பேர் பார்த்திருக்க எடுத்தார். வருஷம் ஒண்ணு ஆகப்போகுது, திருப்பித் தர மாட்டேங்கிறார். மனுஷனா அவர்? பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். சார்னு வச்சுக்கிடுங்க. ரிட்டையர்டு வாத்தியார்.

நீங்க காராச்சேவு பொட்டலத்தை நீட்டினீங்க, நான் தலையை ஆட்டிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நீட்டியிருந்தால் பொட்டலத்தோடு உங்க விரலுக்கும் சேதம் வந்திருக்கும். இப்ப அதைப் பார்த்தால் மரத்தூள் மாதிரி தெரியுது. நீங்க சாப்பிடுங்க. கூச்சப்படாமல் சாப்பிடுங்க. பஸ் எங்க ஊர் போய்ச் சேருற வரைக்கும் சத்தத்தையாவது கேட்டுக்கிட்டு வாரேன்.

என் பேர் தவசிக்கனி. ஆட்டு வியாபாரம். இன்னைக்குச் சனிச் சந்தை, அங்கேயிருந்துதான் வாரேன், வெறுங்கையோட. அது ஏன்னு பிறகு சொல்றேன். படிப்பு அஞ்சாவதோடு சரி. மிச்சத்தைச் சந்தையில் அடி வாங்கிப் படிச்சேன். உப்பைத் தின்னக் கொடுத்து, தண்ணி காட்டி, வயிற்றை ஊத வச்ச ஆட்டை ஒருத்தன் என் தலையில் கட்டினான். மறுநாள் விடிஞ்சு பார்த்தால் ஆடு பாதி ஆயிருந்தது. அந்தப் பாடம் எந்தக் காலேஜிலும் கிடையாது.

எட்டுப் பிள்ளைகள் இருந்த வீட்டில் நான் கடைசி. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் எனக்கு மிஞ்சினது சட்டிதான். அதனால் நாலு காசு பார்த்த அன்னைக்கே ஒரு முடிவு எடுத்தேன்: இனிமேல் எந்தச் சட்டியிலும் மிச்சம் வைக்கிறதில்லை. வாக்கு கொடுத்தால் காப்பாத்துறவன் நான். காலையில் இட்லி பதினாலு. சந்தையில் பதினோரு மணிக்குப் புரோட்டா சால்னா. மத்தியானத்துக்குப் பொன்மணி, என் வீட்டுக்காரி, உலை வைக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துக் கேட்பாள்: "என்ன மைனி, வீட்டுல விசேஷமா?"

ஒரு நாள் சந்தையில் ஆடு நிறுக்கிற மெஷினில் ஏறி நின்னேன். நூற்றி இருபத்தாறு கிலோ. பக்கத்தில் மாசிலாமணி நின்னான். அவனும் ஆட்டு வியாபாரிதான், எங்க சர்ச் சபைதான், அங்கே கமிட்டி மெம்பர் வேற. என் தொழிலுக்கும் என் ஆத்துமாவுக்கும் சேர்த்து ஒரே எதிரி. நம்பரைப் பார்த்துட்டுக் கேட்டான்: "உயிர் எடையா வே, கறி எடையா?"

டாக்டர் அம்மா சுகர் முந்நூற்று எண்பதுன்னாங்க. "கொஞ்சம் குறைச்சுக்கோங்க"ன்னாங்க. எவ்வளவு குறைக்கணும்னு கேட்டேன். பாதின்னாங்க. நான் கால்வாசின்னேன். அந்த அம்மா மாத்திரைச் சீட்டை என் கையில் கொடுத்து எழுப்பி விட்டுட்டாங்க. பேரம் பேசத் தெரியாத மனுஷங்களோடு என்ன பேச.

பிறகு அந்த அசனம் வந்தது. அசனம்னா, வருஷத்துக்கு ஒரு தடவை எங்க கோயிலில் எல்லாருக்கும் பந்தி போட்டுக் கறிச்சோறு போடுவோம். முதல் பந்தியில் உட்கார்ந்தேன். எழுந்திரிக்கிறதுக்குள்ளே ரெண்டாவது பந்தி உட்கார்ந்துட்டு. நடுவில் எழுந்தால் மரியாதை இல்லைன்னு நானும் இருந்துட்டேன். மூணாவதும் அப்படித்தான். கடைசிப் பந்தியில் காலையிலிருந்து தொண்டை வறளப் பாடின பாடகர் குழுப் பிள்ளைகள் உட்கார்ந்தாங்க. அவங்களுக்கு ரசம்தான் கிடைச்சது. அதுக்கு நான் என்ன செய்ய? ஆக்குறவன் அளவு தெரிஞ்சு ஆக்கணும்.

அடுத்த ஞாயிறு ஐயர், எங்க பக்கம் பாதிரியாரை ஐயர்னுதான் சொல்வோம், ஒரு வாய் கூழுக்காகத் தன் மூத்த பிள்ளைப் பங்கை விற்றவன் கதையைப் பிரசங்கம் பண்ணினார். பண்ணட்டும். பெருந்தீனின்னு ஒரு வார்த்தை சொன்னார் பாருங்க, சபை மொத்தமும் கழுத்தைத் திருப்பி என் பக்கம் பார்த்தது. யாரைப் பார்க்காங்கன்னு நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்னேன் தம்பி. நின்னு, முறையா வியாபாரம் பேசினேன். "ஆண்டவரே, செவ்வாயும் வெள்ளியும் கறியை விடுறேன். நீர் சுகரைப் பாதியாக் குறையும்." பதில் இல்லை. "சரி, புதனையும் சேர்த்துக்கிடும்." பதில் இல்லை. "ராத்திரிப் புரோட்டாவையும் தாரேன்யா, இதுக்கு மேல கட்டுப்படியாகாது." அப்பவும் பதில் இல்லை. ஆண்டவர் மாதிரி கை கெட்டியான வியாபாரியை நான் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை. வாயே திறக்காமல் விலையை ஏத்திட்டார்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். காலையிலிருந்து மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் பச்சைத் தண்ணி கிடையாது. பன்னிரண்டு மணிக்கு ஆடு விஷயமா ஒரு போன் வந்ததாகச் சொல்லி வெளியே போய் நாலு புரோட்டா சாப்பிட்டுட்டு வந்தேன். நாலே நாலு. அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க முடியாது. திரும்பி வந்தால், ஜெபம் நடத்துற சாந்தகுமாரி அக்கா என் தலையில் கையை வச்சு ஜெபிக்க ஆரம்பிச்சிட்டாங்க. அந்த அக்கா ஜெபிச்சால் ஓடு அதிரும். "பெருந்தீனி ஆவியே, வெளிய வா"ன்னாங்க. என் வயிறு கர்ர்னு சத்தம் போட்டது. சால்னா சூடு. அக்கா அதை விடலை. "பேரைச் சொல்லு"ன்னாங்க. வயிறு நீளமா ஏதோ சொன்னது. "எத்தனை பேரு இருக்கீங்க?"ன்னாங்க. அதுக்கும் பதில் வந்தது. சுற்றி இருந்தவங்க அழுதுக்கிட்டே ஸ்தோத்திரம் சொல்றாங்க. நான் என்ன சொல்ல? நாலு புரோட்டான்னா சொல்ல முடியும்?

வெட்கம் தம்பி. அந்த உப்பு ஆட்டுக்குப் பிறகு சந்தையில் என்னை ஏமாத்தினவன் பிறக்கலை, ஆனால் நானே என்னை ஏமாத்திட்டு வந்து முழங்காலில் நிக்கேன். அது எனக்குப் பொறுக்கலை. அதனால்தான் அறுப்பின் பண்டிகை அன்னைக்கு அந்தக் காரியத்தைச் செஞ்சேன்.

உங்க ஊரில் இந்தப் பண்டிகை உண்டோ என்னவோ. முதல் விளைச்சலை எல்லாரும் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்போம். பூசணிக்காய், வாழைத்தார், கருப்பட்டி, சேவல். ஆராதனை முடிஞ்சதும் அத்தனையும் ஏலம். பீடத்துக்கு முன்னால் வச்ச எதுவும் அன்னைக்குச் சாயந்திரத்துக்குள் ஏலம் போயிடணும். வெள்ளைக்காரப் பாதிரிமார் காலத்துச் சட்டம். ஒரு வருஷம் ஒருத்தர் காணிக்கை வைக்கப் போன இடத்தில் குடையை மறந்து வச்சுட்டு, தன் குடையைத் தானே ஏலம் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனார்.

நான் வருஷா வருஷம் ஒரு கிடா கொடுப்பேன். அந்த வருஷம் ஐயர், "உனக்கு எது ரொம்பப் பிரியமோ அதைப் படை"ன்னு சொன்னார். வெறுங்கையோடு முன்னால் போனேன். வயிற்றில் கையை வச்சேன். "என் பசியைப் படைக்கேன் ஆண்டவரே"ன்னு சத்தமாச் சொன்னேன். ஐயர் கண் கலங்கிட்டு. "ஆமென்"ன்னார். கமிட்டி செக்ரட்டரி மட்டும் பேனாவை எடுத்துச் சீட்டில் எழுதிக்கிட்டார். சட்டம் சட்டம்தானே.

ஏலம் போடுறது மாசிலாமணி. பூசணிக்காய் போனது, சேவல் போனது. பிறகு சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அவன் மூஞ்சியில் அப்படி ஒரு சந்தோஷம். "அடுத்தாப்புல, பசி. ஒண்ணு. அம்பது வருஷமா வீட்டுலயே வளர்ந்தது. கேக்கவங்க கேக்கலாம்."

எல்லாரும் கூரையைப் பார்க்காங்க.

"ஒரு தேங்கா வெலை?" மூச்சு இல்லை. "ஒரு எலுமிச்சம்பழம்?" பின்னால் இருந்து ஒருத்தன் சொன்னான்: "சும்மா தந்தாலும் கட்டிப்போட எடம் இல்ல அண்ணாச்சி. தீனி யாரு வைக்க?" பெண்கள் பக்கம் எல்லாரும் குலுங்கிச் சிரிக்காங்க. பொன்மணியும் முந்தானையை வாயில் வச்சுக்கிட்டாள்.

எனக்குச் சுர்ர்னு ஏறிட்டு. என் சரக்கு தம்பி அது. என் கண் முன்னால், என் எதிரி வாயால், ஒரு எலுமிச்சம்பழத்துக்குக் கேள்வி இல்லாமல் நிக்குது. ரத்தம் வியாபாரி ரத்தமாச்சே, சும்மா இருக்குமா? பெஞ்சை விட்டுக் குதிச்சு எழுந்தேன். "வே, சரக்கு தெரியாம வெலை சொல்லாதீரும். இது நோஞ்சான் பசி இல்ல. காலையில அஞ்சு மணிக்கு யாரும் எழுப்பாம எந்திரிக்கும். மழை வெயில் பாக்காது. பழைய சோத்தையும் பிரியாணி மாதிரி இழுக்கும். காய்ச்சல்ல கெடந்தாலும் அடங்காது. துக்க வீட்டுல கூட அடங்காது."

ரெண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த சார் தலையைத் தூக்கினார்.

"துக்க வீட்டுலயுமா?"ன்னு கேட்டார்.

"துக்க வீட்டுலதான் சார் ரொம்ப."

"ஒரு கிடா வெலை தாரேன்"ன்னார்.

கோயிலே சார் பக்கம் திரும்பிட்டு. அந்த சாரைப் பற்றிச் சொல்லணும். ஈஸ்டர் கழிஞ்ச வாரம் அவர் சம்சாரம் தவறிட்டாங்க. அதிலிருந்து டீயும் ரஸ்க்கும்தான். அதுவும் யாராவது கையில் திணிச்சால்தான். சட்டை ஆணியில் மாட்டின மாதிரி தொங்கும். பிள்ளைகள் இல்லை. சரக்கை இறக்கி வைக்க இடமே இல்லாத உடம்பு. அவருக்கு எதுக்கு இது? அப்ப நான் அதை யோசிக்கலை. நல்ல விலை வந்துட்டு, அந்த சந்தோஷம்தான் எனக்கு. மாசிலாமணி சந்தைப் பழக்கத்தில் என் கையையும் சார் கையையும் சேர்த்து வச்சு மேலே துண்டைப் போட்டு, "கைமாறியாச்சு"ன்னான். செக்ரட்டரி ரசீது கிழிச்சுக் கொடுத்தார்: பசி, ஒன்று.

அன்னைக்கு மத்தியானம் பொன்மணி கோழி வச்சிருந்தாள். இலை முன்னால் உட்கார்ந்தேன். கோழி கோழியா இருந்தது. சோறு சோறா இருந்தது. எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு எழுந்தேன். பொன்மணி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆறே மாதத்தில் என் எடை எண்பத்தொன்று. சுகர் இறங்கிட்டு. டாக்டர் அம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்காங்க. ஐயர் என்னைச் சாட்சி சொல்ல மூணு சபைக்குக் கூட்டிட்டுப் போனார். "பிரதர் தவசிக்கனி பெருந்தீனியை ஜெயித்தார்"னு நோட்டீஸே அடிச்சாங்க. நானும் மைக்கைப் பிடிச்சு அழுதேன். எல்லாரும் ஆனந்தக் கண்ணீர்னு நினைச்சாங்க. தம்பி, அன்னைக்கு அந்தச் சபையில் கூட்டம் முடிஞ்சதும் மட்டன் பிரியாணி போட்டாங்க. எனக்கு அது ஒரு வாசமாகக்கூடப் படலை. அதுக்குத்தான் அழுதேன்.

தொழில் போச்சு. அதுதான் பெரிய அடி. நான் ஆட்டை எப்படிப் பார்ப்பேன் தெரியுமா? பல்லைப் பிடிச்சு, முதுகைத் தடவி, அதெல்லாம் மற்றவங்க. நான் ஆட்டைப் பார்த்தால் எனக்கு நாக்கில் ஊறும். ஊறுற அளவை வச்சு விலை சொல்வேன். தொழில் படிஞ்ச பிறகு ஒரு தடவை தப்பினதில்லை. இப்ப ஆடு முன்னால் போய் நின்னால் ஆடு என்னைப் பார்க்குது, நான் ஆட்டைப் பார்க்கேன். ஒரு கிடாவிடம் போன வாரம், "சாப்டியா?"ன்னு கேட்டிருக்கேன். மாசிலாமணி கேட்டுட்டான். சந்தை பூரா அதுதான் பேச்சு. இன்னைக்கு வெறுங்கையோட வாரதும் அதனால்தான்.

சரி, வித்தது வித்ததுதான்னு இருந்திருப்பேன். ஆனால் வித்த ஆடு கயிற்றை அறுத்துக்கிட்டுப் பழைய பட்டிக்கே வரும் பாருங்க, அந்த மாதிரி என் பசி அந்த ஆளை இழுத்துக்கிட்டு என் வீட்டுக்கே வருது. தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு வாசலில் நிப்பார். "சும்மா இந்தப் பக்கமா வந்தேன் தவசி"ம்பார். பொன்மணி, "வாங்க சார், ஒரு வாய் சாப்பிடுங்க"ம்பாள். ஒரு வாயா அது? என் இடத்தில், என் தட்டில், என் பசியால் சாப்பிடுறார். நான் எதிரில் மோரை வச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டு இருக்கேன். எடுக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரியும், அது என்னுதுதான். குழம்பை ஊத்துறதுக்கு முன்னால் சோற்றில் குழி பறிக்கிறது என் பழக்கம்.

இதில் இன்னொண்ணு. ஒவ்வொரு வாய்க்கும், "அம்மா, நல்லாருக்கு"ன்னு ஒரு சர்டிபிகேட். நான் பொன்மணியிடம் கேட்டேன்: "எதுக்கு அந்த ஆளுக்கு இப்படி வடிச்சுக் கொட்டுத?" அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "இருபத்தாறு வருஷமாத் தின்னியளே, ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொல்லியிருக்கியளா?" இது என்ன கேள்வி? சட்டி காலியா இருந்ததே, அது சொன்னதில்லையா?

ஒரு நாள் கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு. சார் ரெண்டாவது வாய் எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துட்டார். கண்ணில் தண்ணி ஊத்துது. "அவ வைக்கிறது இப்படித்தான் இருக்கும்"ன்னார். அவர் சம்சாரத்தைச் சொல்றார். செத்த அன்னைக்குக்கூட அழலையாம், அப்பதான் அழுறாராம். பொன்மணியும் கூட உட்கார்ந்து அழுறாள். எனக்கு எரிச்சல். காரம் தாங்காத மனுஷனுக்கு என் பசி எதுக்குன்னேன். பொன்மணி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கேட்டுப் பார்க்காமல் இல்லை தம்பி. முறையாகவே கேட்டேன். துண்டைப் போட்டுக் கையைப் பிடிச்சேன். எங்க தொழிலில் விலையை வாயால் சொல்ல மாட்டோம், துண்டுக்குள்ளே விரலைப் பிடிச்சுச் சொல்வோம். அவர் கொடுத்ததுபோல ரெண்டு மடங்கு தாரேன்னு ரெண்டு விரலைப் பிடிச்சேன். பதில் இல்லை. மூணைப் பிடிச்சேன். அந்த மனுஷன் ஒரு விரலையும் அசைக்கலை. சும்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தார். வெகுநேரம் விடவே இல்லை. விரல் பேச்சு தெரியாத ஆளோடு எப்படி வியாபாரம் பண்ண, சொல்லுங்க.

இப்ப என்ன ஆச்சு? ஆள் ஊதிட்டார். சட்டைப் பொத்தான் பூட்டலை. போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தால் சுகர் முந்நூற்று நாற்பது. அது என் சுகர் தம்பி. பசியோடு ஒட்டிக்கிட்டுப் போயிட்டு. நேற்று எங்க வீட்டு வாசற்படி நாலையும் ஏற முடியாமல் ரெண்டாவதில் உட்கார்ந்துட்டார். மூச்சு சீழ்க்கை அடிக்குது. நான் தண்ணியைக் கொண்டு வச்சுட்டுக் கத்தினேன். "வே சார், அதை வச்சு ஆளுறதுக்கு நெஞ்சு வேணும். எனக்கே ஆட்டம் காட்டினது. உம்மை முழுங்கிரும்." அவர் சிரிக்கார். "நான் பசிக்காமக் கெடந்த கெடப்பு உமக்குத் தெரியாது தவசி. அதுக்கு இது மேலு"ங்கிறார். ஒரு வாத்தியார் பேசுற பேச்சா? நேற்று எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கோபம். வேற ஒண்ணும் இல்லை, கோபம்தான். பொன்மணிகூடக் கேட்டாள், "கோபத்துலயா அந்த மனுசனுக்கு மாத்திரை வாங்கிட்டு வந்திய?"ன்னு. பெண்பிள்ளைகளுக்கு எல்லாத்திலும் ஒரு கேள்வி.

கிருபாபுரம் வந்துட்டு. நான் இறங்கணும். அந்தா, பாருங்க, அந்தப் புளியமரத்தடியில். கையில் சுருட்டின வாழையிலையோடு நிக்கார் பாருங்க, அவர்தான். மணி ஒண்ணு ஆகலை, எங்க வீட்டுக்கு இலையோடு கிளம்பிட்டார். கொஞ்சம் தள்ளுங்க, ஜன்னல் பக்கம் வரணும். கண்டக்டர் தம்பி, விசில் அடிக்காதப்பா, ரெண்டு நிமிஷம்.

வே, சார். இங்க பாரும். நாளைக்கு அறுப்பின் பண்டிகை. மொத மணி அடிக்கும்போதே கோயிலுக்கு வந்திரும். வாழைத்தார் வேண்டாம், சேவல் வேண்டாம், வெறுங்கையை வீசிக்கிட்டு வாரும். பீடத்துக்கு முன்னால நின்னு, எடுத்ததை எடுத்த எடத்துல வையும். முழுசும் கேக்கல வே. முழுசும் கேக்கல. உமக்கு அழுறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவை வச்சுக்கிடும், தெனமும் ஒரு மணிக்கு வீட்டுக்கு வாரும், பொன்மணி கையால சாப்பிடும், நான் ஒரு வார்த்தை சொல்லல. மிச்சத்தை வச்சிரும். அதை ஏலத்துல நான் எடுத்துக்கிடுதேன், அது என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும், எனக்கு அடங்கும், உமக்கு அடங்காது. தலையை ஆட்டாதீரும். மொகத்தைப் பாத்து, வைக்கேன்னு வாயைத் திறந்து சொல்லும். நீர் சொல்லாம நான் இந்த பஸ்ஸை விட்டு இறங்கப் போறதும் இல்லை, இந்த பஸ்ஸு இங்கேயிருந்து போகப் போறதும் இல்லை.